இன்னும் வந்து சேராத மாடுகள்

சம்பந்தி அவர்களுக்கு,

இன்று காலை என் மானம் நடுத்தெருவில் போகப் பார்த்தது.

குப்பை வண்டி வரும் நாள். ரீசைக்கிள் தொட்டியை வெளியே வைக்க மறந்துவிட்டேன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் கட்டியிருந்த துணியோடு ஓடினேன். என்ன துணி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கென்யாவில் வாங்கிய அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட மசாய் துணிதான். தோளில் போடவேண்டியதை நான் வீட்டுக்குள் லுங்கியாகக் கட்டிக்கொண்டு திரிகிறேன். ஈரோட்டில் ஆயுசு முழுக்க லுங்கியும் துண்டும் விற்றவனுக்குக் கட்டம் போட்ட துணியைக் கண்டால் கை தானாக இடுப்புக்குத்தான் போகிறது.

பாதி வழியில் குளத்துப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. முடிச்சு நழுவியது. எதிரே நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அம்மாள் வருகிறார். உள்ளே அரைக்கால் டவுசர் இருந்தது உண்மை. ஆனால் அந்த டவுசர் அடுத்தவர் பார்க்கிற தகுதியை எப்போதோ இழந்துவிட்டது. ஒரு கை தொட்டியில். மறு கையால் விழுகிற துணியை வாரி எடுத்து, யோசிக்க நேரமில்லாமல், தோளுக்கு மேல் வீசிச் சொருகினேன். சம்பந்தி, கச்சிதமாக விழுந்தது! அங்கே நமக்கு வழிகாட்டிய பையன் லெமையன் அத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் எனக்கு வராத கட்டு, மானம் போகிற நேரத்தில் தானாக வந்துவிட்டது.

அந்த அம்மாள் நின்று, "ஐ லவ் யுவர் அவுட்ஃபிட்!" என்றார். நாய்க்கு அந்தக் கருத்து இல்லை. அது குரைத்த குரைப்பில் தொட்டியை விட்டுவிட்டேன். அது சரிவில் தானாக உருண்டு போய் குப்பை வண்டிக்கு முன்னால் நின்றது.

அப்போதுதான் கராஜுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆபீசுக்குக் கிளம்ப காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். உங்கள் மகன் கார்த்தி. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, "மாமா, அப்பா இத பாத்திருக்கணும்" என்றார்.

நீங்கள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இந்தச் சேதியை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதை இரண்டு தடவை எழுதிப் பாஸ் செய்தவன் நான் என்பதை உங்களிடம் நானேதான் சொன்னேன். என் வீட்டுக்காரி, மீனாவின் அம்மா, என் விலாவில் இடித்தும் சொன்னேன்.

உங்களோடு பழக எனக்கு எத்தனை பயம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சென்னையில் டெலிபோன் இலாகா அதிகாரி. நான் கடைக்காரன். பிள்ளைகள் தாங்களாகவே அமெரிக்காவில் பார்த்துப் பழகி முடிவு செய்துவிட்டார்கள். கல்யாணமும் கொரோனா காலத்தில், மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த ஊரில், இதே வீட்டு ஹாலில் நடந்தது. தாலி இங்கே ஏறியது. நீங்கள் சென்னையில், கம்ப்யூட்டர் திரையின் ஒரு சின்னக் கட்டத்துக்குள், நாங்கள் ஈரோட்டில் இன்னொரு கட்டத்துக்குள்.

பெண்ணைப் பெற்றவன் எல்லோரும் அந்த நேரத்தில் சம்பந்தி கையைப் பிடித்துச் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதைச் சொல்ல நானும் காத்திருந்தேன். தாலி ஏறியதும் திரைக்கு முன்னால் கையைக் கூப்பி, கண்ணீரோடு, "எம் பொண்ண நல்லா பாத்துக்குங்க சம்பந்தி" என்று தழுதழுத்தேன். முழுதாகச் சொல்லி முடித்தபிறகு உங்கள் கட்டத்திலிருந்து குரல் வந்தது.

"சார், உங்க மைக் ஆஃப்ல இருக்கு."

யாரோ வந்து மைக்கை ஆன் செய்தார்கள். உலகமே என் வாயைப் பார்த்தது. இன்னொரு தடவை அழ முடியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. ஒன்பது மணிதான் ஆவுது" என்றீர்கள்.

இப்படித்தான் நம் சம்பந்தம் ஆரம்பித்தது. உங்களுக்கு மாலை போடவில்லை, வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கவில்லை, சம்பந்தி மரியாதை என்று ஒன்று நடக்கவே இல்லை. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயம். கேட்டுச் சண்டை போடுகிற சம்பந்தியைச் சமாளித்துவிடலாம். பேசாத சம்பந்தி மனதில் என்ன வைத்திருக்கிறாரோ, அதை என் பெண்ணிடம் எப்படிக் காட்டுவாரோ என்று படுத்தால் தூக்கம் வராது.

பேத்தி தியா பிறந்தபிறகு, எல்லா வீட்டிலும் போல, ஆறு மாதம் நாங்கள், ஆறு மாதம் நீங்கள் என்று முறை வைத்து இங்கே வந்தோம். நாங்கள் கிளம்பும் முன் நீங்கள் வந்துவிடுவீர்கள். நடுவில் சில வாரம் ஒரே கூரை. "சம்பந்தி முன்னால வாய அடக்குங்க. பொண்ணு வாழற வீடு" என்று மீனாவின் அம்மா தினமும் காலையில் மாத்திரையோடு சேர்த்து எனக்கு இதையும் கொடுப்பாள். நீங்களோ, மனைவியை இழந்த மனிதர், தனியாக ஒரு மூலையில் நின்று பேன்ட் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பீர்கள். குளத்தைச் சுற்றி வாக்கிங் போக இத்தனை மடிப்பு எதற்கு என்று கேட்க நாக்கு துடிக்கும். நாம் இருவரும் நடப்போம். "வாத்து" என்பேன். "ஆமா" என்பீர்கள். ஒரு சுற்று முடிந்துவிடும்.

தியாவுக்கு மூன்று வயதானதும் மாப்பிள்ளை லீவு போட்டு எல்லோரையும் கென்யாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது, நான் மனதுக்குள் ஒரு திட்டம் போட்டேன். விட்டுப்போன மரியாதையை எப்படியாவது அங்கே செய்துவிடுவது. மைக் விழுங்கிய வாக்கியத்தையும் நேருக்கு நேர் சொல்லிவிடுவது. சிங்கத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போனார்கள். நான் உங்களைப் பார்க்கத்தான் போனேன்.

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் அந்த மசாய் ஊர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முள்வேலிக்குள் வட்டமாக மண்வீடுகள், நடுவில் மாட்டுத் தொழுவம், வறட்டிப் புகை வாசனை. வேனை விட்டு இறங்கினால் வரிசையாக ஆட்கள். பனைமரம் போல உயரம். சிவப்புக் கட்டம், சிவப்பில் நீலக் கோடு, நீலத்தில் கறுப்புக் கட்டம். ஒன்றைத் தோளில் முடிந்து, இன்னொன்றை அதற்குக் குறுக்காகப் போட்டு, இடுப்பில் மணி கோத்த பெல்ட், அதில் ஒரு கத்தி, பக்கத்திலேயே செல்போன். காலில் டயர் செருப்பு. பெண்கள் கழுத்தில் தட்டு அகலத்துக்கு மணி அட்டிகை. அவர்கள் நடக்கும்போது அது மேலும் கீழுமாக ஆடும்.

அந்த இடத்தில் நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை.

"ஐயோ, நம்ம கடைச் சரக்கு!" என்று கத்திவிட்டேன்.

மீனாவின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நமக்கு வழிகாட்டியாக வந்த அந்த லெமையன் இங்கிலீஷில் என்னவென்று கேட்டான். மாப்பிள்ளை விளக்கினார். லெமையனுக்கு ஒரே குஷி. தன் மேல்துணியை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, எங்கள் ஊரில் எப்படிக் கட்டுவோம் என்று காட்டச் சொன்னான். நான் பேன்ட்டுக்கு மேலேயே சுற்றி, சொருகி, பட்டென்று முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக் காட்டினேன். அந்த இளவட்டங்கள் கைதட்டிச் சிரித்துவிட்டு ஆளுக்கொரு துணியை எடுத்து இடுப்பில் கட்டிப் பார்த்தார்கள். அவர்கள் உயரத்துக்கு லுங்கி முட்டியோடு நின்றுவிட்டது. மடித்துக் கட்ட மிச்சமே இல்லை.

தியா என்னைப் பார்த்து, "தாத்தா, எவ்ரிபடி லுக்ஸ் லைக் யூ!" என்றாள்.

"இல்லடா கண்ணு. அவங்க அழகா இருக்காங்க" என்றீர்கள் நீங்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஜோக் அடிக்கிறீர்களா, உண்மையைச் சொல்கிறீர்களா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெண்கள் விரித்திருந்த கடையில் ஒரு சிவப்புத் துணியை எடுத்தேன். தொழில் புத்தி. நூலைத் திருகிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், உதட்டைப் பிதுக்கினேன், வேண்டாம் என்று நாலடி நடந்தேன். ஈரோட்டில் என்னிடம் எத்தனை பேர் இப்படி நடந்திருக்கிறார்கள், நான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மாள் கூப்பிடவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். நானே திரும்பிப் போய், சொன்ன விலையைக் கொடுத்து, கும்பிடும் போட்டு வாங்கினேன்.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். "சம்பந்தி, கல்யாணத்துல விட்டுப்போச்சுங்க" என்று சொல்லி, துணியை விரித்து உங்கள் தோளில் போர்த்தினேன். அந்த வாக்கியத்தை ஆரம்பிக்க மூச்சை இழுத்தேன்.

அப்போதுதான் அந்தப் பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார். ஊருக்கு மூத்தவர் போல. காது மடல் நீண்டு தோளைத் தொடப் பார்க்கும். என்ன நடக்கிறது என்று லெமையனைக் கேட்டார். லெமையன் மாப்பிள்ளையைக் கேட்டான். மாப்பிள்ளை, இவர் பெண்ணின் அப்பா, அவர் பையனின் அப்பா, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் பையன் வீட்டாருக்குத் துணி போர்த்தி மரியாதை செய்கிறார்கள் என்றார். அது லெமையன் வாய் வழியாகப் பெரியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

லெமையன் திருப்பிச் சொன்னதன் சாரம் இதுதான். தலைகீழாகச் செய்கிறீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் ஏன் துணியும் கொடுக்கிறான்? எங்களில் பையன் வீட்டார்தான் பெண்ணின் அப்பாவுக்கு மாடு கொண்டுவர வேண்டும், தேன் கொண்டுவர வேண்டும், போர்வை போர்த்த வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரியவர் கோலை உங்கள் பக்கம் நீட்டி ஒரு கேள்வி கேட்டார்.

மாப்பிள்ளை தயங்கினார். "அப்பா... நீங்க மாமாவுக்கு எத்தன மாடு குடுத்தீங்கன்னு கேக்கறாரு."

டெலிபோன் இலாகா அதிகாரியை, மாப்பிள்ளையின் அப்பாவை, இத்தனை பேர் நடுவில் இப்படிக் கேட்டுவிட்டார்களே! இந்தக் கோபம் எல்லாம் மீனா தலையில் அல்லவா விடியும்! "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, சும்மா கேக்கறாருங்க" என்று உளறினேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி போட்டீர்கள். பெரியவரைப் பார்த்து, ஆபீசில் ஃபைலைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னீர்கள்:

"இன்னும் பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்குன்னு சொல்லுப்பா."

அது மசாய் மொழிக்குப் போய்ச் சேர்ந்த நொடியில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே! பெரியவர் கோலைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். தொழுவத்தில் நின்ற கன்றுகள் மிரண்டன.

ஆனால் நீங்கள் அதோடு விடவில்லை. தோளிலிருந்த துணியை எடுத்தீர்கள். அதை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தீர்கள், உங்கள் வழக்கப்படி. பிறகு விரித்து, என் தோளில் போர்த்தினீர்கள். முன்பக்கம் இழுத்து விட்டுச் சரிசெய்தீர்கள். எனக்கு முன்னால், என்னை விட மூத்தவர், கை கூப்பினீர்கள்.

"பெரியவர் சொல்றது சரிதான் சம்பந்தி. பொண்ணக் குடுத்தவர் நீங்க. நான்தானே மொதல்ல போட்டிருக்கணும்."

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னீர்கள். "அன்னிக்கு மைக் ஆஃப்ல இருந்தாலும், நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுது. எனக்குப் பொண்ணு இல்ல. மீனாவ நான் பாத்துக்கறேன்."

இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்த வாக்கியம். நான் சொல்லவே இல்லை, பதில் வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மீனாவின் அம்மாவைப் பார்த்தேன். அவள் கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே விரலை விட்டு, "சரியான தூசிங்க இந்த ஊர்ல" என்றாள்.

பிறகு இளவட்டங்கள் வட்டம் கட்டிக் குதிக்க ஆரம்பித்தார்கள். முழங்கால் மடியாமல், நின்ற இடத்திலிருந்து, நூல் பிடித்தது போல மேலே போகிறார்கள். சிவப்புத் துணி மட்டும் ஒரு கணம் காற்றில் தங்கி, பின்னாலேயே இறங்குகிறது. நம் இருவரையும் இழுத்து நடுவில் விட்டார்கள். நான் குதித்தேன். என் வயிறு மட்டும் குதித்தது, கால் தரையிலேயே இருந்தது. நீங்கள், இஸ்திரி போட்ட பேன்ட்டும் பாலிஷ் போட்ட ஷூவுமாக, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு குதி குதித்தீர்கள் பாருங்கள்! ஒரு சாண் உயரம் இருக்கும், அதற்கு மேல் இல்லை. ஆனால் அதற்கு அந்த ஊரே குலவை போட்டது. மாப்பிள்ளை படம் எடுக்க மறந்து நின்றார். "எங்கப்பா குதிச்சு நான் பாத்ததே இல்ல" என்று மீனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நமக்கு என்ன குறை? குளத்தைச் சுற்றுவது ஒரு மணி நேரம் ஆனது. நீங்கள் சென்னை போனபிறகு ஞாயிறு தவறாமல் போன். எடுத்ததும் நான் கேட்பேன், "மாடு என்னாச்சுங்க?" நீங்கள் இலாகா குரலில் தகவல் கொடுப்பீர்கள். "கெளம்பிடுச்சு. நீந்தித்தான் வரணும், கொஞ்சம் லேட்டாவும்." அடுத்த வாரம், "வெள்ளை மாட்டுக்கு ஜலதோஷம். அதனால மத்ததும் நின்னுடுச்சு. ரொம்ப ஒத்துமையான மாடுங்க." ஒருமுறை நான் கொஞ்சம் அதட்டலாக, "பொண்ணு வீட்டுக்காரன்னா எளப்பமுங்களா?" என்று கேட்டுவிட்டு, இப்படி வாய்விட்டுக் கேட்க முடிகிறதே என்று நானே அசந்துபோனேன். நீங்கள் அந்தப் பக்கம் மூச்சு முட்டச் சிரித்தீர்கள்.

அந்தத் துணியை மீனா எத்தனையோ முறை மெஷினில் போட்டு, டிரையரில் பூ வாசனைத் தாளும் போட்டு எடுத்துவிட்டாள். முகர்ந்தால் முதலில் பூ வரும். இரண்டாவது மூச்சில் வறட்டிப் புகை வரும். எனக்கு இரண்டாவது மூச்சு போதும்.

மாப்பிள்ளை சென்னையில் உங்கள் காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் உங்கள் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அது நம்ம ஊர் கரண்டுக்குச் செய்தது. இங்கே சொருகினால் சோம்பலாக வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிறு சாயங்காலம் அவர் அதை வைத்துத்தான் வாரத்துக்கான சட்டைகளைத் தேய்க்கிறார். ஒரு சுருக்கமும் போகாது. தேய்த்துவிட்டு மாட்டிவிடுவார். அவர் தியாவைக் குளிக்க வைக்கப் போனதும், நான் இங்கத்திய பெட்டியை எடுத்து எல்லாச் சட்டையையும் இன்னொரு முறை தேய்த்து, அதே வரிசையில் மாட்டிவிடுவேன். அப்பா பெட்டி நன்றாகத் தேய்க்கிறது என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். கை மடிப்பு மட்டும் உங்கள் அளவுக்கு எனக்கு வரவில்லை.

இன்று அவர் சிரித்து முடித்ததும் நான் அந்தத் துணியோடேயே காரில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மாடு எங்கே வந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் பேசினோம். ஆபீசுக்கு லேட்டானது. பரவாயில்லை.

உங்களோடு கடைசியாகப் பேசியதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சென்னை ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். இங்கே சமையலறையில் நாங்கள் எல்லோரும். உங்கள் முகத்தில் குழாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சம்பந்தி... மாடு நியூவார்க் ஹார்பர் வந்துடுச்சு. கஸ்டம்ஸ்ல நிக்குது. போய் ஓட்டிக்கிட்டு வாங்க."

"ஹவ் மெனி கவ்ஸ், தாத்தா?" என்றாள் தியா.

"எண்ணி வாங்கச் சொல்லுடா உங்க தாத்தாவ."

படம் ஆடியது. போனைப் பிடித்திருந்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த முறை மைக் ஆனில்தான் இருந்தது, நான் பார்த்துவிட்டேன். நீங்களும் காத்திருந்தீர்கள். நான் வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

கேட்க வந்தது அதுவல்ல. சொல்ல வந்தது இது:

உங்க பையன நான் பாத்துக்கறேனுங்க, சம்பந்தி.